மூன்று ஏப்ரனும் ஒரு மஞ்சள் கிண்ணமும்

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. நடுப்பகல். ஆனால் வானத்தைப் பார்த்தால் பொழுது விடிந்துவிட்டதா, அடைந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. தில்லியில் எங்கள் முனிர்கா வீட்டு மூன்றாம் மாடி பால்கனியில், துணி காயப்போடும் கொடியில் மூன்று ஏப்ரன்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒன்று நீலக் கரை போட்டது. இன்னொன்று சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டது. தள்ளி நின்று பார்த்தால் நல்ல லுங்கி ஒன்றை யாரோ கோபத்தில் வெட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நடுவில் இருந்தது சுத்த வெள்ளை. அந்த வெள்ளையின் கீழ் மூலையில் மட்டும் நாலு விரல்கள் பதிந்திருந்தன, மஞ்சள் நிறத்தில்.

மத்திய அரசில் டெபுடி டைரக்டராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் சபேசன், ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய் சகிதமாக அந்த வெள்ளை ஏப்ரனுக்குக் காவல் நின்றபடி, சூரியன் எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

எதிர் பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மிசஸ் சோப்ரா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: “பாபிஜி, டிபன் சர்வீஸ் ஆரம்பிச்சுட்டீங்களா? மூணு குக் வெச்சிருக்கீங்க போலிருக்கே.”

“இல்லைங்க, ஒண்ணு இவரோடது. மத்த ரெண்டும் விருந்தாளிங்களோடது” என்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்தினார். வந்த விருந்தாளிகளுக்கு ஏப்ரன் கட்டிவிட்டுச் சமைக்க வைக்கிற குடும்பத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. “அச்சா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு அச்சாவில் எங்கள் குடும்பத்தைப் பற்றிய பல முடிவுகள் இருந்தன.

லாட்ஜுக்குப் போகிறவர்

சென்ற வார அத்தியாயத்தில், ‘இவர் மாதம் ஒருமுறை கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்தப் பெட்டியில் என்ன என்று அதற்குள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அதில் இருந்தது ஏப்ரன். என் கணவர் ஒரு ப்ரீமேசன், அதாவது ஆண்கள் மட்டும் கூடுகிற ஒரு பழைய சகோதர சங்கத்தின் உறுப்பினர்.

இவருடைய மேலதிகாரி ஒருவர்தான் இவரை அதில் சேர்த்துவிட்டார். அவர்கள் கூடுகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. அங்கே லாட்ஜ் என்றால் வேறு.

சேர்ந்த புதிதில் ஒருநாள் என் அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். “மாப்பிள்ளை எங்கட்டி?” என்றாள்.

“லாட்ஜுக்குப் போயிருக்காவ” என்றேன்.

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “உனக்குத் தெரிஞ்சா போயிருக்காவ?”

“தெரியும்மா. நான்தான் கோட்டு இஸ்திரி போட்டுக் குடுத்தேன்.”

அம்மா போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து என் பெரியண்ணன் தில்லி வந்து இறங்கினான்.

அண்ணனிடம் இவர் விளக்கினார். பழைய காலத்தில் ஐரோப்பாவில் பெரிய பெரிய மாதா கோயில்களைக் கட்டிய கல் தச்சர்கள், கொத்தனார்கள்தான் இதற்கெல்லாம் ஆதி. வேலை செய்யும்போது சட்டை அழுக்காகாமல், கல் சில்லு தெறிக்காமல் இருக்க இடுப்பில் தோல் கட்டிக்கொள்வார்கள். இப்போது யாரும் கல் உடைப்பதில்லை. மனசைத்தான் செதுக்குகிறோம். ஆனாலும் ஏப்ரன் கட்டாமல் உள்ளே நுழைய முடியாது என்றார்.

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். “நம்மூர்க் கொத்தனாரு தலையிலல்லா துண்டு கட்டுவாரு” என்றான் கடைசியில்.

நியாயமான வாதம். இந்தச் சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியிருந்தால் உலகம் முழுக்கப் பெரிய மனிதர்கள் கோட்டும் சூட்டும் போட்டுத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பார்வதி இஸ்திரி போட்டாளா?

முதல் நாள் இவர் கொண்டுவந்த ஏப்ரன் எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளை. சதுரம், மேலே முக்கோணமாக ஒரு மடிப்பு. தொட்டுப் பார்த்தேன். துணி மாதிரி இல்லை.

“எதுல செஞ்சது?”

“தோலு.”

“என்ன தோலு?”

இவர் ஜன்னலைப் பார்த்தார். “ஆட்டுக்குட்டி.”

நாங்கள் சைவர்கள். முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடாதவர்கள். பெல்ட்டும் செருப்பும் வாசலோடு நிற்கும். இவருக்கும் அது தெரியும். அதனால் பதிலைத் தயாராக வைத்திருந்தார். “ஏன், சிவபெருமான் புலித்தோலு உடுத்தலயா?”

“உடுத்தட்டும். பார்வதி அதை இஸ்திரி போட்டான்னு எந்தப் புராணத்துல இருக்கு?”

அன்றைக்கு ஏற்பட்ட சமாதானம் இன்றுவரை நீடிக்கிறது. ஏப்ரன் பெட்டி செருப்பு அலமாரிக்கு மேலே, சாமி அலமாரிக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். பின்னாளில் இவர் படி ஏறி நீலக் கரை போட்ட ஏப்ரன் கட்டும் தகுதி வந்தபோது, ரெக்ஸினில் செய்ததாகத் தேடி வாங்கிவந்தார். அது இல்லற தர்மம்.

இன்னொன்று. இவர் சமையலறையில் ஏப்ரன் கட்டி நான் பார்த்ததே இல்லை. காபிப் பொடி டப்பா எங்கே இருக்கிறது என்பதுதான் இவருக்கு இன்றுவரை விளங்காத பரம ரகசியம்.

நாட்டுக்கு ஒரு வழக்கம்

தில்லியில் தூதரகம், கம்பெனி என்று வெளிநாட்டார் வந்தபடி இருப்பார்கள். அவர்களில் மேசன்களும் உண்டு. யார் வந்தாலும் லாட்ஜின் செயலாளர் பாட்டியா சாகிப், “சபேசன்ஜி வீட்டு தோசை” என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படித்தான் லாட்ஜ் வாசலைக்கூட மிதிக்க முடியாத பெண்பிள்ளையாகிய நான், எந்த நாட்டில் எந்த ஏப்ரன் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்து வழக்கமும் நம் நாட்டு வழக்கமும் ஏறக்குறைய ஒன்று. வெளிர் நீலக் கரை, வெள்ளிக் குஞ்சலம், துணியால் செய்த சின்ன ரோஜாக்கள். ஒல்லாந்தில் ஒவ்வொரு லாட்ஜும் தன் நிறத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அவருடையது நல்ல கத்தரிப்பூ நிறம்.

பாரிஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். சிவப்புக் கரை போட்ட அவர் ஏப்ரன் பெட்டியில் கசங்கிவிட்டது. நான் மெல்லிய துணியை மேலே போட்டு, சூடு குறைத்து இஸ்திரி போட்டேன். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் போட்டால், பின்புறம் முழுக்கக் கறுப்பு. நட்ட நடுவில் மண்டையோடு. கீழே குறுக்காக இரண்டு எலும்பு. துக்கக் கூட்டம் நடக்கும்போது திருப்பிக் கட்டிக்கொள்வார்களாம். அதை முன்கூட்டியே சொல்வதில்லை என்பதும் அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் காலில் போட்டுக்கொள்ளாமல் தப்பித்தது எங்கள் ஊர்க் காந்திமதி அம்மன் புண்ணியம்.

இந்தக் குளிர்காலத்தில் லாட்ஜில் ஒரு விழா. அதற்கு ஸ்காட்லாந்திலிருந்து இயன் என்பவர் வந்திருந்தார். ஒல்லியான, ஓயாமல் பேசுகிற மனிதர். விருந்தினர் விடுதியில் தங்கினாலும் மூன்று வேளையும் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர்கள் நாட்டிலும் ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு நிறம். இயனுடைய லாட்ஜுக்குக் கட்டம் போட்ட துணி. மேல்மடிப்பு முக்கோணமாக இல்லாமல் தோசைக்கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

இவரும் இயனும் எங்கள் கூடத்தில் சண்டை போட்டார்கள். கோட்டுக்கு மேல் ஏப்ரன் கட்ட வேண்டும் என்பது இவர் கட்சி. கோட்டுக்கு அடியில் கட்டினால்தான் மரியாதை, எங்கள் லாட்ஜில் அப்படித்தான் என்பது இயன் கட்சி. கட்டிக்காட்டி நிரூபிப்பதற்காக இருவரும் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெண்கள் பார்க்கக் கூடாதாம். எங்கள் வீட்டில் சமையலறைக்கு வழி கூடத்தின் வழியாகத்தான். அடுப்பில் பால். நானும் என் மகள் கோமதியும் வெளியே நின்றோம். உள்ளே உலக சகோதரத்துவத்தின் இரண்டு பிரிவுகள் வாதாடிக்கொண்டிருக்கையில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, வாசனை எங்களை வந்து சேர்ந்தது.

வால்டர்

சனிக்கிழமை நடக்கவிருந்த அதே விழாவுக்காக எங்கள் வீட்டிலேயே தங்க வந்தவர் வால்டர். அமெரிக்காவில் ஓஹையோ என்ற மாநிலத்தில் ஆணி, சுத்தியல் விற்கும் கடை வைத்திருந்தவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி காலமாகிவிட்டார். ஆள் நிலைப்படி உயரம். எங்கள் சோபாவில் உட்காரும்போது சோபாவிடம் அனுமதி கேட்பது போல மெதுவாக உட்காருவார்.

கோமதி தன் அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். இவள் குர்காவ்னில் வேலை பார்ப்பவள். பெயரை கோம்ஸ் என்று சுருக்கிவிட்டதால், ஆபீசில் கோவாக்காரியா என்று கேட்கிறார்களாம். தமிழ் பேசுவாள், ஆனால் அந்தத் தமிழுக்கு நாம் பழக வேண்டும்.

வியாழக்கிழமை வந்து இறங்கியதுமே வால்டர் பெட்டியைத் திறந்து, மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “என்னிடம் இருப்பதிலேயே புனிதமானது இது. பத்திரமான இடத்தில் வைக்க முடியுமா?” என்றார்.

புனிதம், பத்திரம் இரண்டுக்கும் சேர்ந்து எங்கள் வீட்டில் ஒரே இடம்தான். சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் காந்திமதி அம்மன் படத்துக்கு அருகே வைத்து, ஒரு பூவும் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஏதோ கொட்டாவி என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இட்லி

மறுநாள் காலை இட்லி பரிமாறிக்கொண்டிருந்தேன். இயனும் வந்துவிட்டார். ஊரில் உங்கள் வழக்கம் எப்படி என்று வால்டரிடம் கோமதி கேட்டாள்.

அவர்கள் பக்கம் ரொம்ப எளிமையாம். லாட்ஜ் வாசலில் வெள்ளைப் பருத்தி ஏப்ரன்கள் அடுக்கி வைத்திருக்கும். உள்ளே போகும்போது ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியது, வரும்போது கழற்றிப் போட்டுவிட வேண்டியது.

“ஹான், குருத்வாரா கேட்ல தலைக்குக் கட்ட ருமால் வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி” என்று கோமதி எனக்கு விளக்கினாள்.

“அப்ப வால்டர் நேத்து எங்கிட்ட குடுத்தது?” என்றேன்.

அதற்கு வால்டர் நீளமாகப் பதில் சொன்னார். அவர் ஓஹையோ ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். புத்தக ஆங்கிலம் புரியும், வாய்க்குள் உருட்டுகிற ஆங்கிலம் புரியாது. கோமதியைப் பார்த்தேன்.

“அம்மா, அது ஃபர்ஸ்ட் டே அவருக்குக் குடுத்த ஏப்ரன். லைஃப்ல ஒரு வாட்டிதான் குடுப்பாங்களாம். ஆட்டுக்குட்டித் தோல். டாக், கறை எதுவும் படாம க்ளீனா வெச்சிருக்கணும். அப்புறம் டெத் ஆனா அதைக் கட்டித்தான் காஃபின்ல வைப்பாங்க. மத்லப், அது அவரோட லாஸ்ட் டிரெஸ்.”

நான் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தேன். இவர் இட்லியை மிக நுணுக்கமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

விருந்தாளி முன்னால் கத்த முடியாது. சிரித்த முகத்தோடு தமிழில் பேசினேன். “ஆட்டுத்தோலுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்” என்றார் இட்லியிடம்.

“சாவுக்குக் கட்டுததுன்னும்?”

“அமெரிக்கால அப்படி ஒரு வழக்கம் உண்டுன்னு கேள்வி.”

“தெரிஞ்சிருந்தும் நான் அம்மன் பக்கத்துல வைக்கும்போது பாத்துட்டு நின்னியளா?”

“நீ பூவெல்லாம் வச்சிட்ட, நாயகி. அதுக்கு மேல எப்படிச் சொல்லுதது?”

வால்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தார். கணவனும் மனைவியும் இவ்வளவு இனிமையாகப் பேசிக்கொள்ளும் குடும்பத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றார்.

நாலு விரல்

இயன் வால்டரைக் குதுப் மினாருக்கு அழைத்துப் போனார். கதவு சாத்தியதும் நான் சொன்னேன்: “நான் மறுபடியும் தலைக்குக் குளிக்கப் போறேன். வர்றதுக்குள்ள உங்க கையாலயே அதை எடுத்துருங்க.”

வெள்ளிக்கிழமை என்பதால் நிலைப்படிக்குப் பூச மஞ்சள் குழைத்து, சின்னக் கிண்ணத்தில் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். இவர் கீழ்த்தட்டுக்குக் குனிந்தவர், தடுமாறாமல் இருக்க மேல்தட்டைப் பிடித்தார். பிடித்தது தட்டை அல்ல, கிண்ணத்தை. விரல் நாலும் மஞ்சளில் முழுகியது இவருக்குத் தெரியவில்லை. அதே கையால் ஏப்ரனை உருவி எடுத்திருக்கிறார். காகிதம் கிழிந்து, தோலில் நாலு விரலும் அச்சாகப் பதிந்துவிட்டன.

நான் ஈரத் தலையோடு வந்தபோது இவர் குளியலறை வாசலில் காத்து நின்றார். “பதறாத. நான் கெமிஸ்ட்ரி படிச்சவன். சோப்பு போட்டேன்.”

மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும். இது எல்லாச் சமையலறையிலும் தெரிந்த விஷயம், பட்டம் வாங்கத் தேவையில்லை. ஏப்ரனில் இப்போது நாலு ரத்த விரல்கள். கொலை வழக்கில் கோர்ட்டில் தூக்கிக் காட்டுவார்களே, அப்படி இருந்தது.

எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. ஈரத் துணியால் துடைத்தேன். கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். இனி வெயில் ஒன்றுதான் வழி. தில்லி ஜனவரியில் வெயிலுக்கு எங்கே போவது?

“தனியா தொங்கவிட்டா சந்தேகம் வரும்” என்றார் இவர். அரசாங்கத்தில் இருந்தவர் அல்லவா. பெட்டி வாசனை போகட்டும் என்று இயன் முந்தின நாளே கொடுத்து வைத்திருந்த கட்ட ஏப்ரனை ஒரு பக்கமும், தன்னுடையதை மறுபக்கமும் தொங்கவிட்டார். மூன்றும் சேர்ந்து காற்றாடுவது போல இருக்குமாம்.

“அவருகிட்ட நேரா சொல்லிருங்க” என்றேன்.

“சாயந்தரத்துக்குள்ள வெயில் வந்துரும்.”

கோமதி லேப்டாப்போடு எட்டிப் பார்த்தாள். “அப்பா, அங்கிளோட ஏப்ரனை ஏன் காயம் பண்ணிட்டீங்க?” என்றாள். காயப்போட்டீர்கள் என்று கேட்க நினைத்தாளாம். கேட்டது சரியாகத்தான் இருந்தது.

யார் கை இது?

மிசஸ் சோப்ராவின் அச்சாவுக்குப் பிறகு அரை மணி போயிருக்கும். குதுப் மினாரின் மேல்பாதியை மூடுபனி விழுங்கிவிட்டதால் போனவர்கள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். வால்டர் நேராகப் பால்கனிக்கு வந்தார்.

ஏப்ரனைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். “இது யார் கை?” என்றார்.

இவர் கையைத் தூக்கினார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தூக்குவோமே, அது மாதிரி. வாழ்நாள் முழுக்க ஒரு பொட்டு படாமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தமே என்று எல்லாரையும்விட இவருக்குத் தெரியும். இயன்கூடப் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குத் தோன்றியதைத் தமிழில் சொன்னேன். “கோமு, சொல்லு. அது மஞ்சள். அழுக்கில்ல. நாங்க எந்தப் புதுத் துணி எடுத்தாலும் மூலையில மஞ்சள் வச்சுத்தான் உடுத்துவோம். சாவுக்கு எடுக்கிற கோடித் துணிக்கு மட்டுந்தான் வைக்க மாட்டோம். அப்பா தெரியாம செஞ்சிட்டாவ. ஆனா எங்க வழக்கப்படி அது இனிமே சாவுக்கு ஆகாது.”

கோமதி யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னாள்: “அங்கிள், இதைக் கட்டிக்கொண்டு இனிமேல் நீங்கள் சாக முடியாது என்று அம்மா சொல்கிறாள்.”

வால்டர் கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்து, ஏப்ரனைக் கையில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இவர் அந்தக் கதவுக்கு முன்னால் நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். நான் போட்ட சாதத்தை இவரும் தொடவில்லை. அவியலில் முருங்கைக்காயை இவர் அப்படியே விட்டு நான் கண்டதில்லை. அதுவரை இருந்த கோபம் எனக்கு அப்போதுதான் இறங்கியது. எட்டாயிரம் மைலோ பத்தாயிரம் மைலோ தாண்டி வந்த ஒரு மனிதர், அவர் கொடுத்த ஒரே பொருளை நாங்கள் ஒருநாள் காப்பாற்றவில்லை.

காபி நேரத்துக்குக் கதவு திறந்தது. வால்டர் ஏப்ரனோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். “அந்தச் சாவுத் துணி விஷயம், இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார்.

இந்த முறை நானே என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் அவர் சொன்னார்.

போன வருஷம் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று மகள் அழுதாள். இந்தியாவில் அவரவர் ஏப்ரனைக் கொண்டுவர வேண்டும் என்று பாட்டியா சாகிப் சொன்னது உண்மைதான்; ஆனால் பருத்தியில் ஒன்று வாங்கிக்கொள்வது பெரிய விஷயமில்லை. இதை எடுத்துவந்த காரணம் வேறு. ஒருவேளை திரும்பவில்லை என்றால் கையோடு இருக்கட்டும் என்று எடுத்துவந்தார். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான்.

“இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இதை இடுப்பில் கட்டியதில்லை. அழுக்காகிவிடுமே என்று பயம். நாளைக்கு இதைத்தான் கட்டப்போகிறேன்” என்றார்.

இவர் அழுதுவிட்டார். மூக்கடைப்பு என்றார். தில்லியில் அது எப்போதும் நம்பக்கூடிய காரணம்.

வால்டர் ஆறிய அவியலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பாட்டியா சாகிப் நீட்டிய கைக்குட்டை

சனிக்கிழமை லாட்ஜில் நடந்ததை எனக்குச் சொல்லக் கூடாது. அழைத்துவர நானும் போயிருந்தேன், காரில் ஏறி உட்கார்ந்ததுமே இவர் சொல்லிவிட்டார்.

இவர் கோட்டுக்கு மேல், இயன் கோட்டுக்கு அடியில், வால்டர் கோட்டே இல்லாமல் சட்டைக்கு மேல், ஆளுக்கு ஒரு விதமாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். பாட்டியா சாகிப் வெள்ளை ஏப்ரனைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஒரு கைக்குட்டையை நீட்டி, “பிரதர், தால் கொட்டிடுச்சு” என்று காதில் சொன்னாராம். இன்னொருவர் தனக்குத் தெரிந்த டிரை கிளீனர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இவர் எழுந்து நின்று, அது பருப்பு இல்லை, மஞ்சள், பதிந்தது தன் கை என்று சபையில் சொன்னாராம். மஞ்சளைப் பற்றியும் கோடித் துணியைப் பற்றியும் நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லித்தான் சொன்னாராம். பெண்ணுக்கு இடமில்லாத அந்த மண்டபத்தில் என் பெயர் அன்றைக்குப் போய்வந்தது.

சரோஜினி நகர் மூட்டை

ஞாயிற்றுக்கிழமை கோமதி வால்டரைச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். சாயங்காலம் இருவரும் ஏழெட்டுப் பையோடு படியேறி வந்தார்கள். மறுநாள் அவருக்கு விமானம்.

பெட்டி கட்ட உதவலாம் என்று போனேன். வால்டர் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். “அந்த மஞ்சள் கிண்ணம் இருக்கிறதா?” என்றார்.

எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டுமாம். மகளுக்கு வாங்கிய சால்வை, பேத்திகளின் பாவாடைகள், தனக்கு வாங்கிய ஊதா நிறக் குர்தா. குழைத்துக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் உள்மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். நான் வைக்க வைக்க அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். தேசியக் கொடிக்கு மரியாதை செய்வது போல. சாக்ஸுக்கும் வேண்டும் என்றார். வைத்தேன்.

கடைசிப் பையைத் திறந்தேன். கட்டுப் பிரிக்காத ஜட்டிகள், ஒரு டஜன்.

கோமதி திரும்பிப் பார்க்காமல் அறையை விட்டு ஓடிவிட்டாள். வால்டர் கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. இந்தத் துணிகள் விடுபட்டுப்போனால் அவருக்கு மனசு கேட்காது என்று தெரிந்தது.

இவரைக் கூப்பிட்டேன். கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். “இது உங்க சகோதரர் சமாச்சாரம்” என்றேன்.

இவர் குரங்குக் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மோதிர விரலை மஞ்சளில் தோய்த்தார். முதல் ஜட்டியை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கவலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நாயகி, இதுல மூலை எங்க இருக்கு?”